எதையும் சாப்பிடாத பிள்ளைக்குச் சமையல் ஆசை வந்தது எப்படி?

"சின்ன வயதில் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றவர்கள் யாராவது பின்னாளில் சமையல் பிரியர் ஆனதுண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆனேன். ஆனால் சாப்பாட்டு ஆசையில் அடுப்படிக்குப் போகவில்லை. அடுப்படிக்குப் போன பிறகுதான் சாப்பாட்டில் ஆசையே வந்தது.

வெங்காயம் தென்பட்டால் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைக்கும் பிள்ளை நான். வீட்டில் அதைப் பிடிவாதம் என்றார்கள். பிடிவாதமும் கொஞ்சம் இருந்தது, சரி. ஆனால் புது உணவைக் கண்டு ஒதுங்குவது 2 வயதிலிருந்து 6 வயது வரை பெரும்பாலான குழந்தைகளிடம் தூக்கலாக இருக்கும் குணம். நடக்கத் தொடங்கிய குழந்தை கண்டதையும் வாயில் போட்டுக்கொள்ளாமல் காக்க வந்த பயம் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். கசப்பும் அப்படித்தான், செடிகளில் உள்ள நச்சுகள் பலவும் கசக்கும். அதையும் எல்லோரும் ஒரே அளவில் உணர்வதில்லை. கசப்பை உணரும் மரபணு ஆளுக்கு ஆள் மாறுவதால், ஒருவருக்குச் சாதாரணமாக இருக்கும் புரொக்கோலி இன்னொருவருக்கு நன்றாகவே கசக்கும். "எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது, உனக்கு மட்டும் என்ன?" என்று அதட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

என்னை மாற்றியது அதே வெங்காயம்தான். ஒரு பள்ளி விடுமுறையில் வதக்கும் வேலை என்னிடம் வந்தது. சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை, கிளறினால் போதும். வெங்காயத்தை நறுக்கும்போது செல்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் கலக்கின்றன. கண்ணைக் கரிக்கும் வாயு அதில்தான் பிறக்கிறது. சூடு பட்டதும் நொதி செயலிழந்து காரம் அடங்கும், மறைந்திருந்த இனிப்பு தெரியும். ஈரம் இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஈரம் வற்றி 140 டிகிரியை நெருங்கும்போதுதான் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து பொன்னிறமும் அந்த மணமும் வரும். 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் மயார் வினை என்கிறார்கள். மூடி போட்டு வதக்கினால் வெங்காயம் ஏன் வெளுத்தே கிடக்கிறது என்பதற்கும் இதுதான் காரணம்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? மணம் மாறிக்கொண்டே போவது மட்டும் தெரிந்தது. எப்போது இறக்குவது என்று பார்க்க, வாயில் போட்டுத்தான் ஆகவேண்டும். போட்டேன்.

தட்டுக்கு வந்துவிட்ட உணவை என்னால் ஒன்றும் செய்ய முடியாது: தின்ன வேண்டும், இல்லை திட்டு வாங்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போது அது என் கையில் இருந்தது. கசக்கிறதா, ஒரு சிட்டிகை உப்பு. உப்பிலுள்ள சோடியம் கசப்பை அமுக்கிவிடும். சப்பென்று இருக்கிறதா, கொஞ்சம் புளிப்பு. மாற்ற முடியும் என்று தெரிந்த பிறகு ருசி பார்க்கும் பயம் போய்விட்டது.

அப்புறம் புது உணவுகள். ஒன்றைப் பிடித்துப்போகப் பத்துப் பதினைந்து முறைகூட ருசிக்க வேண்டிவரலாம் என்று குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு மூன்று தடவையிலேயே பெரும்பாலானோர் விட்டுவிடுகிறோம். காளானின் சவசவப்பு எனக்கு ஆகவே ஆகாது. நல்ல சூட்டில், நெருக்கமில்லாமல் பரப்பி, அதன் நீரெல்லாம் வற்றும்வரை விட்டபோதுதான் என் சண்டை காளானோடு இல்லை, அதைச் சமைத்த விதத்தோடு என்று புரிந்தது. பிடிக்காத எதையும் இரண்டு மூன்று விதமாகச் சமைத்துப் பார்க்காமல் இப்போது நான் தீர்ப்பு சொல்வதில்லை.

ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதிக நேரம் வெந்த முட்டையில் மஞ்சள் கருவைச் சுற்றி ஒரு பச்சைச் சாம்பல் வளையம் வருமே, அது. இரும்பும் கந்தகமும் சேர்வதால் வருவது, சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நன்றாகத் தெரியும். ஆனாலும் பிடிக்கவில்லை.