லேப்ரடாரா, ராஜபாளையமா? முதலில் தாயைப் பாருங்கள்

கேள்வி: புழலில் சொந்த வீடு. பின்பக்கம் இரண்டு கறவை மாடுகளும் கொஞ்சம் நாட்டுக்கோழிகளும் இருக்கின்றன. காலையும் மாலையும் அக்கம்பக்கத்தார் பால் வாங்க வந்து போவார்கள். பிள்ளைகளுக்கு ஆறு வயது, பத்து வயது. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். பிள்ளைகள் லேப்ரடார் கேட்கிறார்கள். கணவருக்கு ஊர் சாத்தூர் பக்கம். ராஜபாளையம்தான் வேண்டும், காவலுக்கும் ஆகும் என்கிறார். அது பிள்ளைகளைக் கடிக்கும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். போன ஆடியில் ஒரு டீலரிடம் லேப் குட்டி வாங்கினோம். ஐந்தாம் நாள் வாந்தி, அப்புறம் ரத்த பேதி, ஒரு வாரத்தில் போய்விட்டது. சின்னவள் இன்னும் அழுகிறாள். இப்போது அதே டீலர், இரண்டு இனத்திலும் 35 நாள் குட்டி இருக்கிறது, ஒரு ஊசி போட்டாயிற்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். எதை வாங்கலாம் ஐயா? எங்கள் வீட்டில் முட்டை தவிர அசைவம் கிடையாது. அது நாய்க்குப் போதுமா?
– வாசகி, புழல்

பதில்: அம்மா, ஞாயிற்றுக்கிழமை எந்தக் குட்டியையும் எடுக்காதீர்கள். எந்த இனம் என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது அந்த ஆடி மாதக் குட்டியின் சாவுதான்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் அது பெரும்பாலும் பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். வைரஸ் உள்ளே போய் நோய் வெளியே தெரிய மூன்று முதல் ஏழு நாள், சில சமயம் இரண்டு வாரம் வரை ஆகும். ஐந்தாம் நாளே வாந்தி என்றால், பெரும்பாலும் அந்தக் குட்டி டீலரிடம் இருந்தபோதே நோயை வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நீங்கள் கவனிக்கத் தவறியதால் அது சாகவில்லை. இதைச் சின்னவளிடமும் சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்த வைரஸ் இன்னும் உங்கள் வீட்டில் இருக்கலாம். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் பார்வோ மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஒரு வருடம்கூடத் தாங்கும். மாட்டுக் கொட்டகை ஓரத்து மண் அதற்கு ரொம்பத் தோதான இடம். வழக்கமாகத் தெளிக்கும் பினாயில் இந்த வைரஸைக் கொல்லாது. சிமெண்ட் தரை, வாசல், கிண்ணம், சங்கிலி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சாணம் இருக்கும் இடத்தில் பிளீச் வேலை செய்யாது, அதனால் முதலில் சாணத்தை வழித்துவிட வேண்டும். பிளீச்சோடு பினாயிலோ ஆசிடோ கலந்துவிடாதீர்கள். மண் தரைக்கு வெயில்தான் மருந்து. மேலே அடைந்து கிடப்பதை ஒதுக்கி வெயில் விழச் செய்யுங்கள். குட்டி படுத்த சாக்கு, துணி ஏதாவது மிச்சமிருந்தால் எரித்துவிடுங்கள்.

இந்த நிலையில் 35 நாள் குட்டியை அந்த வாசலுக்குள் கொண்டுவந்தால் அது லேப்ரடாரா ராஜபாளையமா என்று வைரஸ் பார்க்கப்போவதில்லை.

"ஒரு ஊசி போட்டாயிற்று" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். குட்டிக்குத் தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியை அது மட்டுப்படுத்திவிடும். எப்போது அது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ஐந்து வாரத்தில் போட்ட ஒற்றை ஊசியை நம்ப முடியாது. அந்த ஊசியும் இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் இருந்ததா, ஸ்கூட்டர் பெட்டியில் வந்ததா என்று யாருக்குத் தெரியும்? தடுப்பூசி அட்டையில் மருந்துப் பாட்டிலின் லேபிள் ஒட்டியிருந்தால் போதாது. மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும்.

சரி, டீலர் விஷயம். 2017ஆம் ஆண்டு வந்த நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 35 நாள் என்று அவரே வாயால் சொல்லி விற்கிறார் என்றால் விதி மீறலை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நாளைக்கே வேறு யாராவது இதே குட்டியை அறுபது நாள் என்று சொல்லி விற்கலாம். வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் ஏறக்குறைய முளைத்திருக்கும். கடைவாயில் பல் இல்லாத குட்டிக்கு அறுபது நாள் என்றால் அது பொய்.

பல வீடுகளிலிருந்து குட்டிகளை வாங்கி ஒரே கூண்டில் போட்டு விற்பவர்களிடம் நாய் வாங்கக் கூடாது என்று எத்தனையோ வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒரு குட்டிக்கு நோய் இருந்தால் கூண்டுக்கே வரும். பேதி வெளியே தெரியாமல் இருக்க மருந்து கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றி, குளிப்பாட்டிப் பவுடர் போட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் துறுதுறுவென்று காட்டுபவர்களும் உண்டு. "இன்றைக்கே எடுங்கள்" என்ற அவசரம் எதற்கு? நல்ல குட்டி அடுத்த மாதமும் நல்ல குட்டியாகத்தானே இருக்கும்?

இனி நான் சொல்வதை உங்கள் கணவரையும் கூட வைத்துக்கொண்டு படியுங்கள். குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள். எந்த இனமானாலும், என்ன விலையானாலும், தாயைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். "தாய் ஊரில் இருக்கிறது", "பண்ணை வெளியூரில்", "போட்டோ அனுப்புகிறேன்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கறவை மாடு வாங்கப் போனால் மடியைப் பார்க்காமல், ஒரு வேளை கறந்து பார்க்காமல் நீங்கள் பணம் கொடுப்பீர்களா? பத்துப் பன்னிரண்டு வருடம் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் புழங்கப்போகிற உயிருக்கு அந்த அளவாவது பார்க்க வேண்டாமா?

தாயிடம் என்ன பார்ப்பது? பால் கொடுத்த காம்புகள் தொங்கலாக இருக்கும். அது இல்லையென்றால் உங்களுக்கு வேறு ஏதோ ஒரு நாயைக் காட்டுகிறார்கள். உங்கள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். புதுப் பிள்ளையைப் பார்த்துத் தாய் என்ன செய்கிறது? குட்டி போட்ட நாய் கொஞ்சம் உறுமுவது இயற்கை. வளர்ப்பவர் ஒரு வார்த்தை சொன்னதும் அடங்கி மோப்பம் பிடிக்க வந்தால் நல்லது. மூலையில் ஒடுங்கி நடுங்கினாலோ, சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்ந்தாலோ அந்த ஈற்றில் எந்தக் குட்டியும் வேண்டாம். பயந்த தாயின் குட்டி பயந்த நாயாக வளரும் வாய்ப்பு அதிகம், பிள்ளைகளைக் கடிப்பதும் பெரும்பாலும் பயந்த நாய்தான். அதன் வயதையும், எத்தனையாவது ஈற்று என்பதையும் கேளுங்கள். பதினெட்டு மாதத்துக்குள் சினைப்படுத்தக் கூடாது, வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது என்பது அதே விதிகளில் இருக்கிறது. எலும்பு தெரியும் தாய், புண் ஆறாத தாய், சிமெண்ட் தரையில் மூத்திர வாடையோடு கிடக்கும் தாய் என்றால், குட்டி எவ்வளவு கொழுகொழுவென்று இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

எட்டு வாரம் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருப்பது பாலுக்காக மட்டும் இல்லை. விளையாட்டில் ஒரு குட்டி அழுத்திக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு ஓடிவிடும், தாயும் அதட்டும். வாயை எவ்வளவு மெதுவாக வைக்க வேண்டும் என்பதைக் குட்டி அங்கேதான் கற்கிறது. ஐந்து வாரத்தில் பிரித்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் ஆறு வயதுப் பெண்ணின் கையில் படிக்கும்.

கேசிஐ பேப்பர், அதாவது இந்திய கென்னல் கிளப் தரும் பதிவுச் சான்று, பிறகு தருகிறேன் என்பார்கள். அந்தப் பேப்பர் வம்சாவளியைத்தான் சொல்லும், குட்டியின் உடல்நலத்தைச் சொல்லாது. பிறகு தருகிறேன் என்பவர் பெரும்பாலும் தருவதும் இல்லை.

இப்போது இனத்துக்கு வருகிறேன். ராஜபாளையம் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்க்கப்பட்ட இனம் அது. 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. 2020இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள மையம் சிப்பிப்பாறையோடும் முதோலோடும் சேர்த்து அதையும் இனமாகப் பதிவு செய்தது. நம் வெயிலைத் தாங்கும். வீட்டாரிடம் உயிரையே வைத்திருக்கும். பிள்ளைகளைக் கடிக்கும் இனம் என்ற பேச்சு தவறு. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் எந்த நாயும் கடிக்கும்.

ஆனாலும் உங்கள் வீட்டுக்கு அது வேண்டாம் என்கிறேன். தினமும் இரண்டு வேளை பால் வாங்க வெளியாட்கள் வருகிறார்கள். அந்நியரை நம்பாமல் இருப்பதுதான் ராஜபாளையத்தின் குணம். அதனால் அதைக் கட்டித்தான் வைப்பீர்கள், கட்ட ஆரம்பித்தால் கெட்டுவிடும். அடுத்து கோழிகள். ஓடுவதைத் துரத்திப் பிடிப்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. பழக்கிவிடலாம் என்று கணவர் சொன்னால், தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவரே ஓட்டிக்கொண்டு போய்ப் பழக்குவாரா என்று கேளுங்கள். அப்படி ஒருவர் இருக்கும் வீட்டில், கோழியும் வந்துபோகும் கூட்டமும் இல்லாவிட்டால், ராஜபாளையம் அருமையான நாய். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் இந்த இனத்தில் வருவதுண்டு, நீலக்கண் குட்டிகளில் அதிகம். குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பார்க்கலாம். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் அந்தச் சோதனையில் தெரியாது.

உங்களுக்கு லேப்ரடார்தான் பொருந்தும், அதிலும் பெண் நாய். வருகிற போகிற எல்லோரையும் ஏற்றுக்கொள்ளும், மாமியாருக்கும் துணையாக இருக்கும். காவல் காக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குரைக்கும், அவ்வளவுதான். காவலுக்கு கேட்டில் நல்ல பூட்டுப் போடுங்கள். குளிர்ந்த கடலில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களிலிருந்து வந்த இனம் என்பதால் அதற்கு இரட்டை ரோமம். சித்திரை வைகாசியில் காலை ஏழு மணிக்குப் பிறகு நடைக்குக் கூட்டிப் போகாதீர்கள். மூச்சு இரைத்து எச்சில் ஒழுகித் தள்ளாடினால் உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டுவிட்டு, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

லேப்ரடாரில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணு மாற்றம் இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். உங்கள் வீட்டில் இது ஆபத்து, மாட்டுத் தீவன மூட்டை இருக்கிறதே. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்றால் ஈரல் கெட்டு நாய் செத்தே போகும். தீவனத்தை மூடியுள்ள டிரம்மில் வையுங்கள். மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடியை நாய் தின்னவிடாமல் ஆழமாகப் புதையுங்கள், நாய் மலம் தீவனத்தில் படாமலும் பாருங்கள். மாட்டுக்குச் சினை கலையவைக்கும் ஒரு கிருமி அந்த வழியாகச் சுற்றி வரும். மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தையோ ஐவர்மெக்டின் ஊசியையோ குத்துமதிப்பாக நாய்க்குப் போடாதீர்கள். எலி நடமாடும் கொட்டகை, ஐப்பசி கார்த்திகை மழைத்தண்ணீர், இரண்டும் உங்களிடம் உண்டு. எலிக்காய்ச்சல் தடுப்பும் சேர்ந்த ஊசியைக் கேட்டுப் போடுங்கள், அது மனிதருக்கும் வரும் நோய். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடுங்கள்.

ஆக, எப்போது வாங்குவது? மற்ற வீடுகளுக்கு எட்டு வாரம் என்பேன். பார்வோ வந்த உங்கள் வீட்டுக்கு அது போதாது. தாயைக் காட்டும் ஒருவரிடம் குட்டியைப் பேசி முடித்துவிட்டு, பதினாறு வார ஊசி போட்டு இரண்டு வாரம் கழியும்வரை அங்கேயே விட்டு வைக்கச் சொல்லுங்கள். அதற்கான சாப்பாட்டுச் செலவை நீங்கள் கொடுங்கள். வாரம் ஒருமுறை பிள்ளைகள் போய் விளையாடிவிட்டு வரட்டும், அப்போதுதான் உங்கள் வாசனைக்கும் குரலுக்கும் அது பழகும். மூன்று மாதம் வரை பார்க்கும் மனிதர்களும் கேட்கும் சத்தங்களும்தான் நாயின் குணத்தை உருவாக்கும். அவ்வளவு காலம் வைத்திருக்க மறுத்தால், ஊசி எல்லாம் முடிந்த ஒரு வயது, இரண்டு வயது லேப்ரடாரை எடுங்கள். வீடு மாறுபவர்கள், வெளிநாடு போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் நல்ல நாய்கள் சென்னையில் நிறைய உண்டு, புளூ கிராஸ் போன்ற காப்பகங்களிலும் கேட்டுப் பாருங்கள். எந்த நாயானாலும் பணம் கொடுக்கும் முன் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒருமுறை காட்டுங்கள். வளர்ந்த லேப்ரடார் என்றால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்குச் சம்மதிக்காத விற்பவர் வேண்டாம்.

சாப்பாடு பற்றிக் கேட்டீர்கள். முட்டையோடு வளர்க்கலாம். பாலும் சோறும் மட்டும் என்றால் கூடாது, குட்டிக்குப் புரதம் போதாது, பல நாய்களுக்குப் பால் பேதியாகும். ஒரு வயது வரை பெரிய இனக் குட்டிக்கென்று விற்கும் தீவனத்தை அளந்து போடுங்கள். கூடவே வேகவைத்த முட்டையும் கொஞ்சம் தயிரும் கொடுக்கலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் கூடாது. டீலர் கையோடு ஒரு கால்சியம் டானிக் பாட்டிலும் விற்பார், வாங்காதீர்கள். அந்தத் தீவனத்திலேயே தேவையான கால்சியம் இருக்கிறது, அதற்கு மேல் கொடுத்தால் வளரும் லேப்ரடாரின் எலும்பு கோணிப்போகும்.