ஸ்கின் டைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த டப்பாவை மூடுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 26. திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். காலேஜ் படிக்கும்போது நெற்றி, மூக்கில் எண்ணெய் வழியும், அப்பப்போ பரு வரும். எட்டு மாதமாக பார்லர் அக்கா கொடுத்த நைட் கிரீம் போடுகிறேன். முதல் மாதம் முகம் பளிச்சென்று இருந்தது. இப்போது இரண்டு நாள் போடாவிட்டால் சிவந்து எரிகிறது, பரு கிளம்புகிறது, கன்னத்தில் தோல் உரிகிறது. ஆன்லைனில் ஸ்கின் டைப் டெஸ்ட் செய்தால் ஒன்று ஆய்லி என்கிறது, இன்னொன்று டிரை என்கிறது. பார்லரில் 'சென்சிட்டிவ் காம்பினேஷன்' என்று சொல்லி 4,600 ரூபாய்க்கு ஃபேஸ்வாஷ், டோனர், சீரம் எல்லாம் சேர்ந்த செட் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? தை மாதம் கல்யாணம். டப்பாவின் போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வாங்க வேண்டாம். இந்த நிலையில் உங்கள் முகத்துக்கு எந்த டெஸ்ட் செய்தாலும் தப்பான விடைதான் வரும். எண்ணெய் வழிவதும் தோல் உரிவதும் எரிவதும் ஒரே முகத்தில் சேர்ந்து வந்தால் அதை ஸ்கின் டைப் என்று சொல்ல முடியாது. தோலின் மேலடுக்கு காயப்பட்டிருக்கிறது.

போட்டோவைப் பார்த்தேன். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. கம்பெனி பெயர், பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரம், எதுவுமே இல்லை. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது ஸ்டீராய்டு கலந்த கிரீம் நடந்துகொள்ளும் விதம்தான்: முதல் மாதம் பளிச், நிறுத்தினால் சிவப்பு, எரிச்சல், பரு. மறுபடி போட்டால் அடங்கும், அதனால் மறுபடியும் போடுவோம். இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட பெண்களைத் தோல் டாக்டர்கள் தினமும் பார்க்கிறோம். நாள்பட்டால் தோல் மெலிந்து கன்னத்தில் மெல்லிய ரத்தக்குழாய்கள் தெரியும். பூனைமுடி வளரும். வெயிலில் நின்றாலே காந்தும்.

டப்பாவில் அடைப்பதற்கு முன்னால் இது பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் டியூப்தான். ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம் என்று மூன்று மருந்து சேர்ந்த ஆயில்மென்ட் ஒன்று உண்டு. மங்குக்கு, டாக்டர் மேற்பார்வையில், சில வாரங்கள் மட்டும் போட வேண்டிய மருந்து அது. அதைத்தான் பார்லரில் ஏதாவதொரு மாய்ஸ்சரைசரோடு குழைத்து 'ஸ்பெஷல் நைட் கிரீம்' என்று விற்கிறார்கள். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். டியூபில் ஓரமாகச் சிவப்புக் கோடும் 'ஆர்.எக்ஸ்' குறியும் இருந்தால் அது மருந்து. உட்பொருளில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ப்ளுட்டிகாசோன் என்று 'சோன்' என முடியும் பெயரோ, க்ளோபெட்டசால் என்ற பெயரோ இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் எழுதித் தராமல் இவை எதையும் முகத்தில் வைக்காதீர்கள்.

2018 மார்ச்சிலேயே மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு மருந்துகளை, கிரீமாக வந்தாலும், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவிப்பு போட்டுவிட்டது. இன்றைக்கும் கவுண்டரில் பெயரைச் சொன்னால் கையில் தருகிறார்கள். எத்தனை கடையில் சீட்டு கேட்கிறார்கள்? ஆய்வுக்கு வருகிறவர்கள் ஃப்ரிட்ஜைப் பார்க்கிறார்கள், பில் புத்தகத்தைப் பார்க்கிறார்கள், இதைக் கேட்பதில்லை. முகம் வெந்து வரும் பெண்ணிடம் சட்டம் இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வது?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பெயர் இல்லாத வெளுப்பு கிரீம்களில் பாதரசமும் வரலாம். நம் நாட்டு விதிப்படி முகத்தில் பூசும் சாதாரண அழகுப் பொருளில் பாதரசத்தைச் சேர்க்கவே கூடாது. தெரியாமல் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 2023-ல் கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை அங்குள்ள டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு சாதாரண யூரின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இப்போது என்ன செய்வது? டப்பாவை மூடிவிட்டு ஒரு தோல் டாக்டரைப் பாருங்கள். பெயர்ப் பலகையில் எம்.பி.பி.எஸ். படிப்போடு எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல். போன்ற தோல் மருத்துவ மேற்படிப்பும் இருக்க வேண்டும். 'ஸ்கின் எக்ஸ்பர்ட்', 'காஸ்மெட்டாலஜிஸ்ட்' என்று மட்டும் எழுதி, வெள்ளை கோட் போட்டுக்கொண்டு உட்காருகிறவர்கள் நிறைய. உங்களுக்குப் பக்கத்திலேயே கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. காலை ஓ.பி.க்குப் போனால் செலவு இல்லை. நிறுத்திய முதல் வாரங்களில் முகம் இப்போதைவிட மோசமாகும். அதைத் தாங்க மருந்து தருவார்கள். பயந்துபோய் மறுபடி டப்பாவைத் திறக்காதீர்கள்.

அதுவரை வீட்டில் மூன்றே பொருள். முதலாவது, வாசனை இல்லாத, சோப்பு அல்லாத மென்மையான கிளென்சர். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு சோப்புக்குப் பொதுவாக 9-க்கு மேல், அதாவது காரம்; நம் தோலுக்கோ சுமார் 5, அதாவது லேசான அமிலம், அதனால்தான் சோப்பு போட்டால் இழுத்துப் பிடிக்கிறது. இரண்டாவது, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். அதில் கிளிசரின், செராமைடு இருந்தால் நல்லது. மூன்றாவது சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், பி.ஏ. பக்கத்தில் மூன்று கூட்டல் குறியாவது இருக்க வேண்டும். எரிச்சல் உள்ள முகத்துக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ளதாக வாங்குங்கள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பொட்டு வைப்பது போலத் தொட்டுத் தடவினால் அட்டையில் போட்ட எண் முகத்தில் கிடைக்காது.

எலுமிச்சை, பேக்கிங் சோடா, ஸ்க்ரப், டோனர் எதுவும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பரு வரும் முகத்துக்கு ஆகாது. கல்யாணப் பேக்கேஜ் என்று பிளீச்சும் கோல்டு ஃபேஷியலும் சொல்வார்கள். உங்கள் முகம் இருக்கும் நிலையில் பிளீச் தொட்டால் வெந்துவிடும். தை வரைக்கும் பார்லரில் புருவம், தலைமுடி, மெஹந்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்துக்கு மேக்கப் மட்டும், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு.

எரிச்சல் அடங்கி, டாக்டரும் போதும் என்ற பிறகு ஸ்கின் டைப் பார்க்கலாம். சாயங்காலம் முகம் கழுவி, ஒற்றி எடுத்து, ஒன்றும் தடவாமல் ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் இருங்கள். ஏ.சி. வேண்டாம், அது காயவைக்கும். பிறகு ஒரு டிஷ்யூவை நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒவ்வோர் இடமாக ஒற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய் என்றால் எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் என்றால் கலப்பு. எங்கும் இல்லாமல் இழுத்துப் பிடித்தால் வறண்டது. காலேஜ் நாளில் இருந்தது போலவே உங்களுக்குக் கலப்பாகத்தான் வரும் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஜெல் வடிவ மாய்ஸ்சரைசர் முகம் முழுக்கப் போதும். கன்னம் உரிந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் கெட்டியான கிரீம். எண்ணெய் வழிகிறதே, மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்பீர்கள். எண்ணெய் வேறு, தோலுக்குள் நீர் தங்குவது வேறு. பருவுக்கு சாலிசிலிக் ஆசிட் 2 சதவீத ஃபேஸ்வாஷ், நிறத் திட்டுக்கு நியாசினமைடு 5 சதவீதம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள். முழங்கை மடிப்பில் ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகவும். பருவுக்கு எதுவும் வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஏழு நாளில் மாற்றம் என்று அட்டையில் போட்டிருந்தால் அந்தக் கடையைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பொருள் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்புங்கள். உட்பொருள்கள் அதிகத்திலிருந்து குறைவாக எழுதப்பட்டிருக்கும். ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தியை 1 சதவீதத்துக்கு மேல் போடுவதில்லை. முன்பக்கம் பெரிதாகப் படம் போட்ட பப்பாளியோ குங்குமப்பூவோ அதற்குப் பின்னால் வந்தால், நீங்கள் காசு கொடுப்பது படத்துக்குத்தான்.

கல்யாணம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரெட்டினால், அடாபலீன், ட்ரெட்டினாயின் ஆகிய வைட்டமின் ஏ வகைப் பூச்சுகளை மற்றவர்களுக்கு நானே எழுதித் தருவேன். நல்ல மருந்துகள்தான். ஆனால் கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்களும் தொடக் கூடாது. பூசும்போது உடலுக்குள்ளே போவது மிகக் குறைவு, இருந்தாலும் அந்தக் குறைவுக்காகக்கூட நாங்கள் துணிவதில்லை. அதே குடும்பத்து ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை விஷயத்தில் தயக்கத்துக்கே இடமில்லை, குழந்தைக்குப் பிறவி ஊனம் வரும் ஆபத்து அதிகம். சாப்பிடும்போதும், நிறுத்தி ஒரு மாதம் முடியும்வரையும் கர்ப்பம் ஆகவே கூடாது. ஹைட்ரோகுயினோனும் தோல் வழியாகக் கணிசமாக உள்ளே போகும், அதுவும் வேண்டாம். ஆகவே டாக்டரிடம் உட்கார்ந்த உடனேயே, அவர் கேட்காவிட்டாலும், கல்யாணத் தேதியையும் குழந்தைக்கு எப்போது எண்ணம் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கூட்டம் நிற்கும் ஓ.பி.யில் கேட்க மறந்துபோகும். பருவுக்கு அசெலைக் ஆசிட் போன்ற மாற்று இருக்கிறது, கர்ப்ப காலத்திலும் போடலாம்.

அந்த டப்பாவைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். மூடியை இறுக்கி ஒரு கவரில் கட்டி ஓ.பி.க்கு எடுத்துப்போங்கள். பார்லரில் ரசீது தந்திருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள், மாவட்ட மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதும்போது தேவைப்படும்.