மாநிலக் கமிட்டிக் கூட்டத்தில் 25 சதவீதம்: எந்தக் கணக்கோடு போக வேண்டும்?

கேள்வி: நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்று, எங்கள் அசெம்ப்ளி தொகுதியிலிருந்து டெமாக்ரடிக் கட்சியின் மாநிலக் கமிட்டியில் உறுப்பினராகியிருக்கிறேன். பிரைமரிக்கு (கட்சியின் வேட்பாளரைக் கட்சி வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு) முன்னால் நடக்கும் கமிட்டிக் கூட்டத்தில், மாநில அளவிலான பதவிக்கு அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒருவரை ஆதரிக்க நினைக்கிறேன். அவருக்கு 25 சதவீதம் கிடைத்தாலே போதும் என்கிறார்கள். அது எதில் 25 சதவீதம்? கிடைக்காவிட்டால் என்ன வழி? வர முடியாவிட்டால் பிராக்சியில் (நமக்குப் பதிலாக இன்னொருவர் வாக்களிக்க அதிகாரம் தரும் தாளில்) கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பினால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெற்றுப் பிராக்சியில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பது 25 சதவீதக் கணக்கு புரிந்தால் தானாகப் புரியும்.

கவர்னர், கன்ட்ரோலர், அட்டர்னி ஜெனரல், அமெரிக்க செனட்டர் என மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவிகளுக்கு, நியூயார்க் தேர்தல் சட்டம் பிரைமரி வாக்குச்சீட்டுக்கு இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது. ஒன்று, மாநிலக் கமிட்டிக் கூட்டம். பெரும்பான்மை பெறுபவர் கட்சி முன்மொழியும் வேட்பாளர். அந்தக் கூட்டத்தில் 25 சதவீதமோ அதற்கு மேலோ பெறும் மற்றவரும், கையெழுத்து திரட்டாமலேயே பிரைமரியில் நிற்கும் உரிமையைப் பெறுகிறார். இன்னொன்று, கட்சியில் பதிவு செய்த வாக்காளர்களிடம் 15,000 கையெழுத்து வாங்கும் பெட்டிஷன். முதல் வாசல் மூடினாலும் இரண்டாவது திறந்தே இருக்கும்.

எதில் 25 சதவீதம் என்று கேட்டீர்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். அங்கே தலைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு உறுப்பினரின் வாக்குக்கும் ஓர் எடை உண்டு. கடைசியாக நடந்த கவர்னர் தேர்தலில் உங்கள் கட்சியின் வேட்பாளர் உங்கள் தொகுதியில் வாங்கிய வாக்கு, மாநிலம் முழுக்க வாக்குச்சீட்டில் அதே கட்சிக்கு உரிய வரிசையில் விழுந்த வாக்கில் எத்தனை பங்கோ, அதுதான் உங்கள் தொகுதியின் எடை. தொகுதிக்கு இரண்டு உறுப்பினர் என்றால் அதை இருவரும் பாதியாகப் பிரித்துக்கொள்கிறார்கள்.

கற்பனை எண்களை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். மாநிலம் முழுக்க கட்சி வரிசையில் 30 லட்சம் வாக்கு, உங்கள் தொகுதியில் 15,000 என்று வையுங்கள். தொகுதியின் எடை 0.5 சதவீதம், உங்கள் கையில் 0.25. கட்சிக்கு 45,000 வாக்குப் போட்ட மன்ஹாட்டன் தொகுதி ஒன்றின் உறுப்பினர் கையில் 0.75 இருக்கும். உங்களைப் போன்றவர்களை மட்டும் வைத்து 25ஐ எட்ட 100 பேர் வேண்டும். அவரைப் போன்றவர்கள் 34 பேர் போதும். எனவே யாரிடம் முதலில் பேசுவது என்பதை நட்பை வைத்து முடிவு செய்யாமல் எடைப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்தப் பட்டியலைக் கட்சிச் செயலாளரிடம் கூட்டத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: எடைக்குக் கட்சியின் சொந்த வரிசையில் விழுந்த வாக்கு மட்டுமே சேரும். நியூயார்க்கில் ஒரே வேட்பாளர் இரண்டு கட்சி வரிசைகளில் நிற்கலாம். 2022இல் டெமாக்ரடிக் கவர்னர் வேட்பாளர் கேத்தி ஹோக்கல், இடதுசாரிக் கட்சியான ஒர்க்கிங் ஃபேமிலிஸின் வரிசையில் வாங்கிய சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் வாக்கு டெமாக்ரடிக் எடைக் கணக்கில் வராது. இடதுசாரி ஆதரவு அதிகமுள்ள தொகுதிகளின் எடை எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்து, அந்த 25 எதற்குள்ளே இருந்து எடுக்கப்படுகிறது? அந்த வாக்கெடுப்புச் சுற்றில் பதிவான வாக்கில்தான். வராதவர்களும், வந்தும் வாக்களிக்காதவர்களும் கணக்கிலிருந்து கழிந்துவிடுவார்கள். உங்கள் வேட்பாளருக்கு மொத்த எடையில் 23 சதவீதம்தான் உறுதி என்று வையுங்கள். 8 சதவீத எடையுள்ளவர்கள் யாருக்கும் வாக்களிக்காமல் இருந்தால், 92இல் 23 என்பது சரியாக 25. உள்ளூர்த் தலைமையைப் பகைத்துக்கொள்ள முடியாமல் "உங்க ஆளுக்கு ஓட்டுப் போட முடியாதுங்க" என்று கைவிரிக்கும் உறுப்பினரிடம், குறைந்தபட்சம் வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கும்படி கேளுங்கள். அதுவே பெரிய உதவி.

இப்போது பிராக்சிக்கு வருகிறேன். நீங்கள் வராமல் இருந்தால் உங்கள் எடை கணக்கிலிருந்து நீங்கும், அவ்வளவுதான். வெற்றுப் பிராக்சி கொடுத்தாலோ அதே எடை உங்கள் வேட்பாளருக்கு எதிராகவே விழக்கூடும். இப்படிச் சேரும் பிராக்சிகளைக் கையில் அடுக்கிக்கொண்டு ஒரே ஆள் பத்துப் பேர் எடையை எடுத்துச் செல்வதுதான் இந்தக் கூட்டங்களில் நிஜமான பலம். உங்களை நம்பி வாக்களித்தவர்களின் எடை அது. தவிர்க்க முடியாமல் கொடுக்க நேர்ந்தால், யாருக்குக் கொடுக்கிறீர்கள், எந்தத் தேதிக் கூட்டத்துக்கு, எந்தப் பதவிக்கு யாருக்கு வாக்கு என்பதையெல்லாம் உங்கள் கையாலேயே எழுதி, தேதியிட்டு, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராக்சிக்குச் சாட்சி வேண்டுமா, நேரில் வந்தால் அது தானாக ரத்தாகுமா என்பவை கட்சி விதிகளில் இருக்கும். விதிகளின் நகல் ஆல்பனியில் மாநிலத் தேர்தல் வாரியத்திடம் தாக்கல் செய்யப்பட்டிருக்கும். கேட்டு வாங்கலாம்.

கூட்டம் எப்போது நடக்கலாம் என்பதையும் சட்டமே கட்டியிருக்கிறது. பெட்டிஷனில் கையெழுத்து வாங்கத் தொடங்கும் முதல் நாளுக்கு 21 நாள் முன்னதாகத் தொடங்கி, அந்த முதல் நாளுக்குள் கூட்டம் நடந்து முடிய வேண்டும். 2026ஐ எடுத்துக்கொண்டால் பிரைமரி ஜூன் 23, கையெழுத்து தொடங்கும் நாள் பிப்ரவரி 24. ஆக, கூட்டத்துக்கான இடைவெளி பிப்ரவரி 3 முதல் 24 வரை. அரங்கத்தில் பேச்சுகளும் கைதட்டலுமாகத் திருவிழா போல இருக்கும். நீங்கள் தாளும் பேனாவுமாக உட்காருங்கள். தொகுதி தொகுதியாகப் பெயர் கூப்பிட்டு வாக்கு பதிவாகும்போது நீங்களும் எடையோடு குறித்துக்கொண்டே வாருங்கள். முடிவு அறிவிக்கும் முன்பே, ஒற்றுமைக்காக ஒருமனதாக அறிவித்துவிடலாம் என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால், முதலில் இந்தச் சுற்றின் எண்கள் குறிப்பேட்டில் ஏறட்டும் என்று எழுந்து கேளுங்கள். எந்தச் சுற்றில் 25 வந்தாலும் உரிமை உண்டு. ஆனால் எண்ணே பதிவாகாத சுற்றை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

25 வந்தாயிற்று என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. கூட்டம் முடிந்த 4 நாட்களுக்குள், முன்மொழியப்பட்டவர் பெயரையும் 25 எட்டியவர்கள் பெயரையும் கமிட்டி தேர்தல் வாரியத்தில் தாக்கல் செய்யும். ஆனால் இரண்டாமவர் பெயர் தானாகச் சீட்டில் ஏறாது. கூட்டம் நடந்த நாளிலிருந்து 7 நாட்களுக்குள், தன் பெயரைப் பிரைமரி வாக்குச்சீட்டில் சேர்க்கும்படி, நோட்டரி முன் ஒப்புக்கொண்ட எழுத்துக் கோரிக்கையை அவர் தானே வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை முன்கூட்டியே தயாரித்து, கூட்டம் முடிந்த மறுநாளே கொடுத்துக் கையோடு ரசீது வாங்கச் சொல்லுங்கள்.

25 வராவிட்டால்? மனம் தளரத் தேவையில்லை. 2010இல் ரிபப்ளிகன் மாநிலக் கமிட்டி கவர்னர் பதவிக்கு ரிக் லாசியோவை முன்மொழிந்தது. கார்ல் பலடினோ கூட்டத்தில் 25ஐ எட்டவில்லை. பெட்டிஷன் வழியே வந்து செப்டம்பர் பிரைமரியில் லாசியோவைத் தோற்கடித்தார். 2018இல் சிந்தியா நிக்சனும், 2022இல் ஜுமானி வில்லியம்சும் டாம் சுவாசியும் பெட்டிஷன் வழியாகவே டெமாக்ரடிக் பிரைமரிக்கு வந்தார்கள். மூவரும் தோற்றாலும், வாக்காளருக்கு ஒரு தேர்வு இருந்தது.

அதே 2010இல் இன்னொரு பாடமும் இருக்கிறது. சஃபோக் கவுன்ட்டியின் நிர்வாகத் தலைவர் ஸ்டீவ் லெவி டெமாக்ரடிக் கட்சியிலிருந்து ரிபப்ளிகனுக்கு மாற விண்ணப்பித்திருந்தார். பதிவு மாற்றம் அந்தப் பிரைமரிக்குள் அமலுக்கு வராது. வேறு கட்சியில் பதிவானவர் நிற்க வேண்டுமானால் கமிட்டியின் பெரும்பான்மை அனுமதி வேண்டும். 1947இல் வந்த இந்த விதியை வில்சன் பகுலா என்பார்கள். லெவிக்கு அந்தப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, பிரைமரியில் நிற்கவே முடியவில்லை. அனுமதி இல்லாதவரைப் பெட்டிஷனாலும் காப்பாற்ற முடியாது. ஆகவே உங்கள் வேட்பாளர் எந்தக் கட்சியில் பதிவாகியிருக்கிறார் என்பதை வாரியப் பதிவேட்டில் நீங்களே ஒருமுறை பாருங்கள்.

பெட்டிஷன் என்றால் 15,000 கையெழுத்து, அதில் மாநிலத்தின் 26 காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதிகளில் குறைந்தது பாதியில், அதாவது 13 தொகுதிகளில், ஒவ்வொன்றிலும் 100 கையெழுத்தாவது இருக்க வேண்டும். நாட்கள் 37. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும் என்பதால் 30,000 வாங்குவதுதான் பாதுகாப்பு. நாளுக்குச் சுமார் 810. கட்சி வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாகப் போகும் ஒருவர் மணிக்கு 10 முதல் 15 வாங்கினால் நல்ல வேகம். பிப்ரவரி, மார்ச் குளிரில் தினமும் அறுபது எழுபது மணி நேர உழைப்பு. இதைக் கூட்டம் முடிந்தபிறகு திட்டமிட நேரம் இருக்காது. 25 நிச்சயம் என்று தோன்றினாலும் படிவங்களை அச்சடித்து வைத்திருங்கள்.

ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் வாசலிலோ மளிகைக் கடை முன்போ நின்றால் நம்மவர்கள் அன்போடு கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் அவர்களில் கிரீன் கார்டில் இருப்பவர்கள், குடியுரிமை இருந்தும் எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள் பலர் இருக்கலாம். அந்தக் கையெழுத்து ஒன்றுகூடச் செல்லாது. வேறு கட்சியில் இருப்பவர் அந்த ஆண்டுப் பிரைமரிக்கு மாற வேண்டுமானால் மாற்ற விண்ணப்பம் பிப்ரவரி 14க்குள் போய்ச் சேர வேண்டும். எனவே இந்த வேலையை ஜனவரியிலேயே தொடங்குங்கள்.

தாளில் எங்கே தவறு நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து மட்டும் வாக்காளருடையதாக இருக்க வேண்டும். தேதி, முகவரி, ஊர் ஆகியவற்றை வாங்குபவர் எழுதலாம், எழுதுவதே நல்லது. நியூயார்க் நகருக்குள் ஊர்ப் பத்தியில் கவுன்ட்டி பெயர் வர வேண்டும்: மன்ஹாட்டனுக்கு நியூயார்க், புரூக்லினுக்கு கிங்ஸ், ஸ்டேட்டன் ஐலண்டுக்கு ரிச்மண்ட். நகருக்கு வெளியே தபால் முகவரியில் உள்ள ஊர்ப் பெயரைப் போட்டால் ஆபத்து. ஹிக்ஸ்வில்லில் இருப்பவருக்கு அங்கே வர வேண்டியது, அந்த ஊர் அடங்கியிருக்கும் டவுனின் பெயரான ஆய்ஸ்டர் பே. ஒரே பதவிக்கு ஒருவர் இரண்டு பேர் பெட்டிஷனில் கையெழுத்திட்டால் முந்தைய தேதியுள்ளது செல்லும், இரண்டும் ஒரே தேதி என்றால் இரண்டுமே போய்விடும். முதல் வாரத்தில் வாங்கும் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்பது அதனால்தான்.

தாளின் அடியில் சாட்சி கையெழுத்திடுபவர் அதே கட்சியில் பதிவான நியூயார்க் வாக்காளராகவோ நோட்டரியாகவோ இருக்க வேண்டும். சாட்சியின் பகுதியில் ஓர் எண்ணை அடித்துத் திருத்திவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இடாமல் விட்டால் அந்தத் தாளில் உள்ள அத்தனை கையெழுத்தும் ஆட்சேபத்துக்கு உள்ளாகும். தேதி தவறிவிட்டால் அடிப்பதைவிட, முடிந்தால் அந்த வாக்காளரிடம் புதிய தாளில் மறுபடி வாங்குங்கள். காலியிடத்தை நிரப்பும் குழு என்று படிவத்தில் ஓர் இடம் இருக்கும். மூன்று பேர் பெயரையாவது அதில் போட்டுவிடுங்கள். வேட்பாளர் விலக நேர்ந்தால் மாற்று ஆளை நிறுத்தும் அதிகாரம் அவர்களுக்குத்தான்.

தாக்கல் செய்தபின் 3 நாட்களுக்குள் பொது ஆட்சேபம் வரலாம். அதிலிருந்து 6 நாட்களுக்குள் எந்தப் பக்கம், எந்த வரி என்ற விவரம் வரும். அப்போது பதில் சொல்ல, தாக்கல் செய்த ஒவ்வொரு தாளின் நகலும் அதே பக்க எண்ணோடு உங்கள் கையில் இருக்க வேண்டும். பக்க எண் போட்டபிறகு நகல் எடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.