வாசகர் கேள்வி – பதில்: மலை மாணவர்களுக்குத் தனி மன்றம் எதற்கு?

கேள்வி: சித்தேரி மலையிலிருந்து வந்து, விடுதியில் தங்கி இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மலையிலிருந்து வந்த பதினான்கு பேர் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்க அனுமதி கேட்டோம். "தமிழ் மன்றம் இருக்கிறது, நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது; உங்களுக்கு மட்டும் தனியாக எதற்கு? நாளைக்கே சாதிச் சங்கமாகிவிடும்" என்கிறார் பேராசிரியர். நாங்கள் கேட்டது தவறா?
— ஒரு மாணவி, தர்மபுரி

பதில்: தவறே இல்லை. ஆனால் பேராசிரியரின் அச்சத்தையும் தள்ளிவிடாதீர்கள். 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம் காலனியிலும் அடுத்திருந்த குடியிருப்புகளிலும் தலித் மக்களின் வீடுகள் எரிந்ததைக் கண்ட மாவட்டம் இது. வகுப்பில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதைக்கூடக் கவலையோடு கவனிக்கும் ஆசிரியர்களை நான் அறிவேன்.

இருந்தாலும் ஒன்றை அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். ஊரில் ஆள்பலம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் சேரும் முன்பே ஒரு சங்கம் இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகைதான் இல்லை. கடைவீதியில் சித்தப்பா கடை, தாலுகா அலுவலகத்தில் தெரிந்தவர், மாமா முறையில் ஒரு வக்கீல் என்று, கேட்காமலே கைகொடுக்க ஆட்கள் உண்டு. மலையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் பெண்ணுக்கு விடுதிக் காப்பாளரை விட்டால் யாரும் இல்லை.

நான் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் ஒரு நாள், உதவித்தொகைப் படிவத்தில் 'மலையாளி' என்று எழுதிய முதலாண்டு மாணவியிடம் எழுத்தர் "கேரளாவா?" என்று கேட்டார். அந்தப் பெண் பதில் சொல்லத் தெரியாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றாள். வரிசையில் பின்னால் நின்ற மூன்றாமாண்டு மாணவன் முன்னே வந்து, "இது பழங்குடியினர் பட்டியலில் உள்ள பெயர் ஐயா. நாங்கள் இந்த மலைக்காரர்கள். சான்றிதழில் கோட்டாட்சியர் கையெழுத்தைப் பாருங்கள்" என்றான். பழங்குடியினர் சான்றிதழை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர் என்பதைக்கூட அந்தப் பெண்ணுக்கு அதுவரை யாரும் விளக்கியிருக்கவில்லை. அவன் அன்று அந்த வரிசையில் நின்றது தற்செயல். ஒவ்வோர் ஆண்டும் அங்கே ஒருவர் நிற்பதற்காகத்தான் மன்றம் வேண்டும் என்கிறேன்.

சங்கம் அமைக்கும் உரிமையை அரசமைப்பின் 19(1)(இ) பிரிவு தருகிறது. ஆனால் கல்லூரி வளாகத்தில் அறையும் அங்கீகாரமும் பெறக் கல்லூரி விதிகளுக்கு உட்பட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யின் மாணவர் அமைப்பான அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் 2015 மே மாதத்தில் அங்கீகாரத்தை இழந்து, நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் ஜூனில் அதைத் திரும்பப் பெற்றது. நிறுவனத்தின் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்தியது அப்போது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. ஆகவே கல்லூரியின் பெயரை எங்கே, எப்படிப் பயன்படுத்துவீர்கள் என்பதை முதல் நாளே எழுதி ஒப்புதல் பெறுங்கள். உறுப்பினராக எவரும் சேரலாம் என்ற விதியையும் சேருங்கள். பேராசிரியரின் அச்சத்துக்கு அதைவிட நல்ல பதில் இல்லை. முடிந்தால் அவரையே ஆலோசகராக இருக்கக் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் உயர்கல்வி நிறுவனங்களில் பாகுபாடின்றி எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கப் பார்த்துக்கொள்ளும் சமவாய்ப்பு மையம் வேண்டும் என்கின்றன. உங்கள் கல்லூரியில் அது இயங்குகிறதா என்றும் விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். மகன் கல்லூரியில் தெலுங்கு மாணவர்களின் கலைக்குழுவில் சேர்ந்திருக்கிறான். தமிழ் நண்பர்கள் விலகிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், தேன்கனிக்கோட்டை

பதில்: அம்மா, உங்கள் பகுதியில் ஒரே தெருவில் தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் கேட்கின்றன, சந்தையில் விலை பேசும்போது யாரும் யாரையும் விட்டு விலகுவதில்லை. தாய்மொழியைப் பேணும் உரிமையை அரசமைப்பின் 29ஆவது பிரிவு உறுதி செய்கிறது. வீட்டில் பேச மட்டும் தெரிந்த மொழியில் உங்கள் மகன் ஒரு பாட்டையாவது எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டால், அது உங்கள் தாயாரின் மொழிக்குக் கிடைத்த மரியாதை. ஆண்டு விழாவில் தமிழ் மன்றத்தோடு சேர்ந்து ஒரே மேடையில் நிகழ்ச்சி நடத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் சமூகத் தலைவர் ஒருவரின் பிறந்தநாளுக்கு பிளெக்ஸ் வைக்க வேண்டும் என்று சீனியர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் கேட்கிறார்கள், கையில் வண்ணக் கயிறும் கட்டச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?
— ஒரு மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதி வெறியால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்ய 2024 ஜூனில் பரிந்துரைத்தது; பள்ளிப் பிள்ளைக்கு ஆகாதது உங்களுக்கும் ஆகாது. மாணவரிடம் மிரட்டிப் பணம் பறிப்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ராகிங். முதல்வரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகச் சென்று, கடிதத்தின் நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.