ரிலீஃப் பிட்ச்சராக மாற்றிவிட்டால் பேஸ்பால் வாழ்க்கை அவ்வளவுதானா?

பிட்ச்சராக, அதாவது பந்து வீசுபவராக, ஆட்டத்தைத் தொடங்கிவந்த உங்கள் பையனையோ தம்பியையோ, பின்னால் வந்து வீசும் ரிலீஃப் பிட்ச்சராகக் கடைசி இன்னிங்ஸ்களுக்கு மாற்றிவிட்டார்கள், வீட்டில் எல்லாருக்கும் முகம் வாடிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். டேவ் ரிகெட்டி கதையைச் சொல்கிறேன்.

1983 ஜூலை 4, நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக பாஸ்டன் அணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து முதல் பேஸையாவது எட்டுவது) கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசியவர் அவர். அணியின் கடைசி இன்னிங்ஸ் பிட்ச்சர் கூஸ் காசேஜ் விலகியதும், அடுத்த வருடமே ரிகெட்டியை புல்பென்னுக்கு, அதாவது ரிலீஃப் பிட்ச்சர்கள் காத்திருந்து கையைச் சூடாக்கும் இடத்துக்கு, அனுப்பினார்கள். புதுப்பந்து பவுலரை இனி கடைசி ஓவர் மட்டும் போடு என்பது மாதிரி. 'வீணடித்துவிட்டார்கள்' என்று இன்றும் சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும். 1986இல் 46 சேவ் (அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்துக்கொடுத்த ஆட்டங்கள்), அன்றைக்கு அதுதான் சாதனை. அப்புறம் 2000 முதல் 2017 வரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் பிட்ச்சிங் கோச். மேனேஜர்கள் மாறினார்கள், இவர் மாறவில்லை. 2010, 2012, 2014 என மூன்று உலகத் தொடர் கோப்பைகள்.

அந்த வருடங்களில் நான் சான் ஹோசேவில் இருந்தேன். அவர் பிறந்த ஊரும் அதுதான். அப்போது ஜயன்ட்ஸ் மைதானத்தில் புல்பென், ஆடுகளத்தின் பக்க எல்லையான ஃபவுல் கோட்டு ஓரமாகவே இருக்கும். அதற்குப் பக்கத்தில் டிக்கெட் கிடைத்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு அதையே பார்ப்பேன். ஒருவர் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வேகவேகமாக வீச ஆரம்பிப்பார். அங்கே ரிகெட்டி அவசரமே இல்லாமல், பிட்ச்சர் நின்று வீசும் மேட்டுக்கு நடப்பார். தடுமாறும் பிட்ச்சரிடம் இரண்டு வார்த்தை பேசுவார். அம்பயர் வந்து கிளப்பும்வரை நகரமாட்டார். அதற்குள் ஓரத்தில் இருப்பவர் இன்னும் நாலு பந்து வீசிக் கையைச் சூடாக்கிக்கொள்வார். அந்த நாலு பந்தின் அருமை புல்பென்னில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், என்னையும் அப்படி மாற்றினார்கள். புது மென்பொருள் எழுதும் குழுவிலிருந்து சப்போர்ட்டுக்கு. ஊரில் சித்தப்பா, "என்னப்பா, இறக்கிட்டாங்களா?" என்று போனில் கேட்டார். நள்ளிரவில் பேமெண்ட் நின்றுபோனால் எழுந்து உட்கார்வது நாங்கள். காலையில் பாராட்டு மெயிலில் இருப்பது எழுதியவர் பெயர். எழுதுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் எழுதியவன்தான். ஆனால் இரவு விழித்ததற்கு மாற்று விடுப்பு கேட்டால் 'பாலிசியில் இல்லை' என்கிறார்களே, அதை யாரிடம் சொல்வது?

சரி, உங்கள் விஷயம். 2009இல் ரிகெட்டியிடம் இருந்த ஜானதன் சாஞ்செஸ் என்ற பிட்ச்சரையும் நடுவில் புல்பென்னுக்கு அனுப்பினார்கள். தொடக்கப் பிட்ச்சர் ராண்டி ஜான்சனுக்கு அடிபட்டதால் ஜூலை 10 அன்று சாஞ்செஸுக்கு மறுபடி ஆட்டத்தைத் தொடங்கும் வாய்ப்பு வந்தது. எதிரணி சான் டியேகோவுக்கு அன்று ஒரு ஹிட்கூட இல்லை. பையனை அணியிலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.