அலமாரியில் கிடக்கும் ஷூ போதாதா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 39. ஆறு மாதமாகப் பொங்கோல் நீர்வழிப் பாதையில் நடந்துகொண்டிருந்தவள், இப்போது மெல்ல 3 கிலோமீட்டர் ஓடுகிறேன். டிசம்பரில் அலுவலகத் தோழிகளோடு 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். 500 சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். யோசனை சொல்லத்தான் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஜிபிஎஸ் கடிகாரம் இல்லாமல் பயிற்சியே வீண் என்கிறார் ஒருவர். கார்பன் தகடு வைத்த ஷூதான் வாங்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை, காதுக்கு வெளியே நிற்கும் இயர்போன் என்று பட்டியல் நீள்கிறது. என் கணவரோ, "அலமாரியில ஒரு ஷூ புத்தம் புதுசா கிடக்குதே, அது போதாதா?" என்கிறார். எதை வாங்குவது, எதை விடுவது?
— செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதே கேள்வியை ஒரு காலத்தில் என்னையே கேட்டுக்கொண்டு, "தாராளமாகப் போதும்" என்று பதிலும் சொல்லிக்கொண்டவள் நான்.

மூன்று வருடம் பெட்டியைவிட்டு வெளியே வராத ஷூ அது. வெள்ளை வெளேரென்று இருந்தது. பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று சுற்றினால் 4.3 கிலோமீட்டர். பாதிச் சுற்று வந்திருப்பேன், இடது காலில் டப் டப் என்று சத்தம். குனிந்து பார்த்தால் அடிப்பாகம் குதிகாலை விட்டுப் பிரிந்து, நாய் நாக்கைத் தொங்கப் போட்ட மாதிரி ஆடுகிறது. தொட்டேன். நடுப்பகுதி நமுத்த பிஸ்கட் போல உதிர்ந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. நீர்த்தேக்கத்தின் எதிர்க்கரையில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தூரம்தான். ஷூ கயிற்றை உருவி, அடிப்பாகத்தோடு சேர்த்துப் பார்சல் கட்டுவது போலக் கட்டிக்கொண்டு நடந்தேன். எதிரே வந்த சீனப் பாட்டி ஒருவர் என் காலைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்.

பிறகுதான் காரணம் தெரிந்தது. சில ஷூக்களின் நடுப்பகுதி பாலியூரிதேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும். போட்டாலும் அறுக்கும், போடாவிட்டாலும் அறுக்கும். நம் ஊர்க் காற்றில், மூடிய அலமாரிக்குள், அந்த வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடக்கும். இப்போது வரும் ஓட்ட ஷூக்கள் பெரும்பாலும் வேறு வகை நுரையில் செய்யப்படுவதால் இப்படிப் பொடியாவதில்லை. ஆனாலும் பசை விட்டுப்போகும், நுரை இறுகிப்போகும். ஆகவே அந்தப் புத்தம் புது ஷூவை எடுத்து வளைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் பெருவிரலை வைத்து அழுத்துங்கள். விரிசல் கோடு தெரிந்தாலோ, கையில் பொடி ஒட்டினாலோ நேராகக் குப்பைக்குத்தான். நன்றாக இருந்தால் சந்தைக்குப் போகப் பயன்படும். ஓட வேண்டாம்.

ஷூவுக்குத்தான் உங்கள் பணத்தில் பெரும்பங்கு போக வேண்டும். ஆனால் கார்பன் தகட்டுக்குப் போக வேண்டாம். 2017ல் நைக்கி நிறுவனத்தின் ஒரு ஷூ வந்த பிறகு பிரபலமான சமாச்சாரம் இது. தடித்த, துள்ளும் நுரைக்கு நடுவே விறைப்பான ஒரு தகடு இருக்கும். அடிப்பாகம் போட்டி போட்டுக்கொண்டு தடித்துப் போனதால், சாலை ஓட்டப் போட்டிகளில் 40 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு வரம்பே வைக்க வேண்டியதாயிற்று. வேகமாக ஓடுபவர்களுக்கு அதில் பலன் உண்டு. இப்போதுதான் 3 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு உயரமான, ஆட்டம் காட்டும் ஷூ கணுக்காலுக்குத்தான் வேலை வைக்கும். விலையும் அதிகம், சீக்கிரம் தேய்ந்தும் போகும். தினசரிப் பயிற்சிக்கென்று விற்கும் சாதாரண ஷூ போதும். போன வருட மாடலாக இருந்தால் இன்னும் நல்லது. குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டரில் நாலு கடை ஏறி இறங்கினால் கிடைக்கும்.

மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் காலுறையையே கையோடு கொண்டுபோங்கள். எழுந்து நின்றால் விரல் நுனிக்கும் ஷூ முனைக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். "போடப்போட லூசாயிடும்" என்று விற்பவர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். அதை நம்பி வாங்கிய ஒரு ஜோடி என் இரண்டு பெருவிரல் நகங்களைக் கறுக்க வைத்தது. அப்புறம், குதிகால் வழுக்கினால் சின்ன அளவுக்குப் போக வேண்டாம். கணுக்கால் ஓரத்தில், கயிறே நுழையாமல் ஒரு கடைசி ஓட்டை இருக்குமே, அது அழகுக்கு வைத்ததல்ல. கயிற்றை அதே பக்கம் அதில் நுழைத்து ஒரு சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்கக் கயிற்றை அந்த வளையத்துக்குள் இழுத்துக் கட்டுங்கள். குதிகால் அசையாது.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது: விலை உயர்ந்த ஒரு ஜோடியைவிட நடுத்தர விலையில் இரண்டு ஜோடி மேல். இங்கே அரைமணி நேரம் ஓடினாலே வியர்வை காலுறை வழியாக இறங்கி ஷூ நனைந்துவிடும். மறுநாள் காலைக்குள் காயாது. ஈர ஷூவில் ஓடினால் கொப்புளம், நாற்றம் இரண்டும் இலவசம். ஷூவின் உள்மெத்தையை உருவித் தனியே வையுங்கள், ஷூவுக்குள் பழைய தமிழ் முரசு நாளிதழைச் சுருட்டித் திணியுங்கள், மின்விசிறிக்கு எதிரே வையுங்கள். உச்சி வெயிலில் காயப்போட்டால் பசை இளகும். 500லிருந்து 800 கிலோமீட்டர் வரை ஒரு ஜோடி தாங்கும் என்பது பொதுவான கணக்கு. வாரத்துக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் ஒரு ஜோடிக்கு ஆறிலிருந்து ஒன்பது மாதம்.

சரி, யாரும் உங்களிடம் சொல்லாத ஒன்றுக்கு வருகிறேன். ஆளுக்கொரு யோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட ஸ்போர்ட்ஸ் ப்ராவைப் பற்றிப் பேசவில்லை பார்த்தீர்களா? பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். தாங்குவது தோள்பட்டை வார் இல்லை, மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டை. ஆகவே அந்தப் பட்டை இறுக்கமாக, ஆனால் இரண்டு விரல் நுழையும்படி இருக்க வேண்டும். உடை மாற்றும் அறையில் வெட்கப்படாமல் பத்து முறை குதித்துப் பாருங்கள். ஓரத் தையல் கையில் கரகரவென்று பட்டால் வேண்டாம். அந்தக் கரகரப்பு ஓடும்போது தெரியாது. வீட்டுக்கு வந்து குளிக்கையில் முதல் குவளைத் தண்ணீர் பட்டதும் சுரீர் என்று தெரியும். தையல் உரசும் இடம், தொடையிடுக்கு, அக்குள் ஓரம் எல்லாவற்றிலும் புறப்படும் முன் வாசலின் களிம்பு தடவுங்கள். நான் முதலில் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். இந்தச் சூட்டில் இரண்டாவது கிலோமீட்டரிலேயே வழிந்து போய்விட்டது.

காலுறையும் பனியனும் பருத்தி வேண்டாம். வீட்டில் சுகமாக இருக்கும் பருத்தி, ஓட்டத்தில் வியர்வையைக் குடித்துவிட்டு விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது கடிகாரம். அதைச் சொன்னவர் உங்களுக்கு ஆசைகாட்டியதில் தவறில்லை, எனக்கும் ஒன்று இருக்கிறது. ஆனால் நம்மூர் ஆண்கள் தேசிய சேவையில் 2.4 கிலோமீட்டரை எத்தனையோ வருடம் சாதாரண ஸ்டாப்வாட்சை வைத்துத்தான் ஓடினார்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015ல் தொடங்கிய நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்சில் இலவசமாகக் கொடுத்த, அடிகளை எண்ணும் கைப்பட்டை உங்கள் வீட்டு இழுப்பறையில் கிடக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கைப்பேசியே தூரத்தைக் கணக்கிடும். தலைக்கு மேல் எல்ஆர்டி ரயில் தண்டவாளமோ பக்கத்தில் உயரக் கட்டடமோ இருந்தால், விலை உயர்ந்த கடிகாரமும் சில சமயம் நீங்கள் ஆற்றுக்குள் இறங்கி ஓடியதாகக் கோடு போடும்.

இதயத் துடிப்பு விஷயத்திலும் ஒரு சங்கதி. கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கணக்கிடுகிறது. பட்டை தளர்ந்து வியர்வையில் வழுக்கினால், துடிப்பை விட்டுவிட்டுக் கால் தட்டும் எண்ணிக்கையைக் காட்ட ஆரம்பிக்கும். மெதுவாக ஓடும்போது 170 என்று வந்தால் பதறாமல், பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே தள்ளி இறுக்கிப் பாருங்கள். மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின் சமிக்ஞையையே படிப்பதால் இந்தக் குழப்பம் குறைவு. அதுவும் இப்போது வேண்டாம். ஓடிக்கொண்டே பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மூச்சு முட்டாமல் சொல்ல முடிகிறதா? வேகம் சரி. ஆறு பதின்மூன்றில் திணறினால் குறையுங்கள். (கணக்கில் திணறினால் அது வேறு.)

நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தாலோ, வீட்டில் யாருக்காவது இளம் வயதிலேயே இதய நோய் இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒரு கருவி உங்கள் கைப்பேசியில் ஏற்கெனவே இருக்கலாம்: மைஎன்வி என்ற அரசாங்க வானிலைச் செயலி. 2023லிருந்து அதில் வெப்ப அழுத்த நிலையைப் பார்க்கலாம். வெப்பம், ஈரம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த அளவு அது. 31 டிகிரிக்குக் கீழே இருந்தால் குறைவு, 31லிருந்து 33க்குள் மிதம், 33ஐத் தொட்டால் அதிகம். அதிகம் என்றால் அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். சூரியன் ஏழு மணிவாக்கில் எழும் முன் ஓடுவது நல்லது. ஆனால் அந்த நேரத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும், வியர்வை காயாது, வேகம் வராது. குளிர்நாட்டில் எழுதிய பயிற்சி அட்டவணையோடு உங்களை ஒப்பிட்டு நொந்துகொள்ளாதீர்கள். இருட்டில் போவதால் இடுப்பில் மாட்டும் மினுக்கு விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடியிலிருந்து மட்டும் எந்தக் கருவியும் காப்பாற்றாது. ஆண்டுக்குச் சராசரியாக 168 நாள் இடி இடிக்கும் ஊர் இது, சத்தம் கேட்டதும் அருகிலுள்ள அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒதுங்குங்கள்.

முதுகுத் தண்ணீர்ப் பை தேவையில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குப் புறப்படும் முன் குடிப்பது போதும், குழாய்த் தண்ணீரையே குடிக்கக்கூடிய ஊரில் இருக்கிறோம். எவ்வளவு வியர்க்கிறது என்று அறிய ஆசையா? ஓடும் முன்னும் பின்னும், ஈர உடையைக் களைந்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். எனக்கு முதல் தடவை தராசு கெட்டுவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. நீண்ட தூரத்துக்குப் பிறகு உப்பும் வேண்டும். 1983லிருந்து நம் காப்பிக்கடைகளில் இருக்கும் 100 பிளஸ் பானம் போதும்.

இயர்போன் உங்கள் இஷ்டம். ஆனால் பூங்கா இணைப்புப் பாதையில் சைக்கிள்கள் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை வரலாம், பின்னால் அடிக்கும் மணி காதில் விழ வேண்டும். இருக்கிற இயர்போனையே ஒரு காதில் மட்டும் மாட்டினால் செலவே இல்லை.

என் கணக்கு இது: இரண்டு ஜோடி ஷூவுக்கு 280 வெள்ளி, இரண்டு ப்ராவுக்கு 100, காலுறை, விளக்கு, வாசலினுக்கு 40. மீதி 80 வெள்ளியை டிசம்பர் வரை தொடாதீர்கள். எதை வாங்க வேண்டும் என்று கால் கொப்புளமே உங்களுக்குச் சொல்லும்.

ஓட்டத்துக்கு முன்பு ஒரு பையில் புதுப் பனியன் கொடுப்பார்கள். எல்லாரும் அதைப் போட்டுப் படம் எடுக்கத் துடிப்பார்கள். முடிந்த பிறகு நீங்களும் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது மட்டும், துவைத்துத் துவைத்துச் சாயம் போன அந்தப் பழைய பனியனே இருக்கட்டும்.