கோட்டை என்ற சொல்: கேள்வி பதில்

கேள்வி: வடமொழியிலும் 'கோட்ட' என்று இருக்கிறதே, 'கோட்டை' தமிழ்ச் சொல்தானா?

பதில்: தமிழ்தான். கன்னடத்தில் கோட்டெ, தெலுங்கிலும் மலையாளத்திலும் கோட்ட. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியிலும் இது இருக்கிறது. வடமொழி இதை இங்கிருந்து எடுத்துக்கொண்டது என்றே மொழியியலாளர் பலரும் கருதுகிறார்கள். ராஜ்கோட், பதான்கோட் என்ற ஊர்ப்பெயர்களின் கடைசியில் நிற்பது நம் அருப்புக்கோட்டை, பட்டுக்கோட்டையின் அதே சொல்தான்.

கேள்வி: அப்படியானால் வேர் எது?

பதில்: கோடு. நோட்டில் போடும் நேர்க்கோட்டை இங்கே மறந்துவிடுங்கள். கோடுதல் என்றால் வளைதல். 'ஒருபால் கோடாமை சான்றோர்க் கணி' என்ற 118ஆம் குறளில் வருவது அதுதான்: ஒரு பக்கமாக வளையாமல், சாயாமல் இருப்பது. மாட்டின் கொம்புக்குக் கோடு என்று பெயர் வந்ததும் அந்த வளைவால்தான். ஓர் இடத்தை வளைத்துச் சுற்றி அடைத்தால் அது கோட்டை. மலையுச்சிக்கும் கோடு என்று பெயர் உண்டு; கோட்டை அதிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கு வளைவுதான் பொருத்தமாகப் படுகிறது. காரணம் அடுத்த கேள்வியிலேயே இருக்கிறது.

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் என் தாத்தா 'பத்துக் கோட்டை நெல்' என்பார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: அருமையான கேள்வி! உங்கள் தாத்தா சொன்னது அளவு. ஒரு கோட்டை 21 மரக்கால். ஆனால் விதைக்கோட்டையை யோசித்துப் பாருங்கள். வைக்கோலைப் பரப்பி, நடுவில் விதைநெல்லைக் கொட்டி, வைக்கோல் புரியால் சுற்றிச் சுற்றி இறுக்கிப் பெரிய உருண்டையாகக் கட்டுவார்கள். உள்ளே இருப்பது அடுத்த போகத்துக்கான உயிர், வெளியே சுற்றிலும் காவல். கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, ஆனாலும் அது கோட்டை. நிலாவைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் 'நிலா கோட்டை கட்டியிருக்கிறது' என்கிறோமே, அங்கேயும் அதே வளைவுதான்.

கேள்வி: கல்லால் கட்டினால்தானே உண்மையான கோட்டை?

பதில்: இல்லை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மண்ணால் ஆனது. 1799இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். 1801இல் ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களிலேயே அதைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். அதைப் பிடிக்க ஆங்கிலேயப் படை பட்ட பாடு கொஞ்சமல்ல.

கேள்வி: கோட்டம்?

பதில்: அதே குடும்பம். வளைவு, சூழப்பட்ட இடம், கோயில், நாட்டுப் பிரிவு என்று பொருள் விரிந்துகொண்டே போகும். மணிமேகலையில் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிறது.

கேள்வி: அரண், மதில், எயில், இஞ்சி எல்லாம் ஒன்றுதானா?

பதில்: அரண் பொதுச்சொல், காப்பது எதுவும் அரண்தான். வள்ளுவர் 742ஆம் குறளில் நீர், வெட்டவெளி நிலம், மலை, காடு நான்கையும் அரண் என்கிறார். பெரும்பாணாற்றுப்படையில் வணிகர்கள் 'அடிபுதை அரணம்' அணிந்து வருகிறார்கள். என்ன தெரியுமா? காலை மூடும் செருப்பு! பாதத்துக்கு அதுதானே காவல்.

மற்ற மூன்றும் சுவரைக் குறிப்பவை. உயரம் மட்டும் இருந்தால் மதில், அகலமும் சேர்ந்தால் எயில், திண்மையும் சேர்ந்தால் இஞ்சி, நெருங்கவே முடியாவிட்டால் 'சோ' என்று மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் பிரித்துச் சொல்வார். பாட்டு எழுதிய புலவர்கள் எல்லா இடத்திலும் இவ்வளவு கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. அப்புறம், சமையல் இஞ்சியோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கிடங்கு என்றால் அகழி என்று ஓர் உரையில் படித்தேன். சரியா?

பதில்: சரி. சிலப்பதிகாரம் மதுரையின் காவலைச் சொல்லும்போது 'மிளையும் கிடங்கும்' என்றுதான் தொடங்குகிறது. மிளை காவற்காடு, கிடங்கு அகழி. சரக்கு அடுக்கி வைக்கும் இடம் என்ற பொருளே இன்று நம் நாவில் நிற்கிறது. பழம்பாடலில் கிடங்கு என்று வந்தால் மதிலுக்கு வெளியே தண்ணீர் நிறைந்த ஆழமான பள்ளத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.